சாவடியில் இறுகிய பட்டு

கனகமணிக்கு நாக்கில் சனி. யுத்தம் நடக்கிற நாளில், டவுனுக்குப் போகிற வழிச் சோதனைச்சாவடியில், போத்தலைக் கையில் எடுத்த ஆமிக்காரனைப் பார்த்து யாராவது "ஐயோ, குலுக்காதீங்கோ!" என்று கத்துவார்களா? இவள் கத்தினாள். வரிசை முழுதும் பின்னால் பாய்ந்தது. ஆமிக்காரரின் துவக்குகள் அவளை நோக்கி நிமிர்ந்தன.

போத்தலில் குண்டுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. பட்டுக் கூடுகளைச் சலவைச் சோடாவில் அவித்து, பசையைக் கழுவி, நூலை உப்புக் கரைசலில் கரைத்து, பிறகு அந்த உப்பையும் நீக்கி எடுத்த பட்டுப் புரதம். குலுக்கினால் புரத இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து கொஞ்ச நேரத்தில் களியாக இறுகிவிடும். அந்தக் களியைத் தீக்காயத்துக்கு மேல் வைக்கிற வில்லைகளாக வார்ப்பதுதான் அவளுடைய ஆய்வு. அச்சில் ஊற்றமுன் போத்தலுக்குள்ளேயே இறுகினால் குப்பைக்குத்தான் போகும். ஊரடங்கால் ஆய்வுகூடம் பாதிநாள் பூட்டு. அதனால் சாம்பல்தீவு வீட்டுக் குசினி அடுப்பிலேயே அவித்துக் கரைத்துக் கொண்டுவந்தாள். கையிலிருந்த பட்டுக் கூடும் இதோடு முடிந்துவிட்டது. "இதுவும் பிழைச்சால் ஆய்வை நிப்பாட்டும், பிள்ளை" என்று பேராசிரியர் இரத்தினசிங்கம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"தண்ணியா? குடி" என்றான் ஆமிக்காரன். அங்கே எல்லோருக்கும் அதுதான் சட்டம். மூடியில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துக் காட்டினாள். அவனுக்குத் திருப்தியில்லை. குடிக்கத் துணிந்தவள் குலுக்க ஏன் பயப்படுகிறாள்? உள்ளே எதையோ ஒளித்திருக்கிறாள் என்று நினைத்து, போத்தலை உலுக்கு உலுக்கென்று உலுக்கினான். நுரைத்ததே தவிர ஒன்றும் வரவில்லை.

"சரி, போ."

கனகமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை இவனுக்குக் காட்டுவதா? டவுன் போய்ச் சேரமுன் இறுகிவிடும். பையைத் திறந்து அச்சுகளை வெளியே எடுத்தாள். பின்னால் நின்ற மீன் வியாபாரி பாயிஸ் தன் ஐஸ் பெட்டியை முன்னால் தள்ளினான்.

"இதுக்கு மேல வை தங்கச்சி. நான் நிக்கிறன், என்ட மீன் நாறினா நாறட்டும்."

நடுவழியில் குந்தியிருந்து, நுரையை ஒதுக்கி, ஒவ்வோர் அச்சாக ஊற்றத் தொடங்கினாள்.

"போகச் சொன்னது!"

"போகமாட்டன். குலுக்கினது நீங்கள். இது இறுகுமட்டும் நான் இதிலதான் இருப்பன். சுடுறதெண்டால் சுடுங்கோ, அச்சில படாமல் சுடுங்கோ."

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஆமிக்காரன் முறைத்துக்கொண்டு நின்றான். கடைசியில் சனத்தை அவளைச் சுற்றிப் போகவிட்டான். வெயில் ஏறியது. தெளிவாக இருந்த கரைசல் மெல்ல வெளுத்தது.

கனகமணி எழுந்து, ஓர் அச்சை அவன் முகத்துக்கு நேரே தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு துளி விழவில்லை.

"இந்தாங்கோ, இனிக் குலுக்குங்கோ" என்றாள்.