குழி வெட்ட ஒரு மண்வெட்டி

கடப்பாரை கேட்டுப் பக்கத்து ஊருக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். கொலை நடந்த இடத்துக்கு இரும்புச் சாமான் கொடுத்துவிட்டு, நாளைக்குக் கோர்ட் வாசலில் போய் நிற்க யாருக்கு வேண்டுதல்?

செங்கம்மாள் தம்பி ஏசுபாதத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்த உடம்பு. மதியம் வந்து இறங்கும்போதே வாடை ஆரம்பித்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் புதைத்தாக வேண்டும். உபதேசியார் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெட்டி வந்துவிட்டது, பூ வந்துவிட்டது, குழிதான் இல்லை.

வெட்ட ஆள் இல்லாமல் இல்லை. காலனியில் பாதிப்பேர் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிற இடத்தில் மண் வெட்டுகிறவர்கள். ஆனால் காலையில் ஜீப்பில் வந்த போலீஸ், வீடு வீடாகப் புகுந்து மண்வெட்டி, கடப்பாரை, கோடாலி என்று கண்ணில் பட்ட இரும்பையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஏசுபாதத்தின் பெண்டாட்டி சந்திரம்மா மீன் அரிகிற அரிவாள்மணைகூடத் தப்பவில்லை. பழிக்குப் பழி நடந்துவிடக் கூடாதாம். ஊர்த்தெருவிலும் இதே கூத்துதான் என்று சொன்னார்கள்.

"நீ இரும்மா. ஸ்டேஷனுக்கு நான் போயி கேட்டுப் பாக்கறேன்," என்றார் உபதேசியார்.

"உங்கள ஒரு கும்புடு போட்டு அனுப்பிடுவாங்க ஐயா. நான் போறேன்."

ஸ்டேஷன் அவளுக்குப் புதிதல்ல. மேட்டு வயல் கேசவன் ஏரிக்கால்வாயின் மடையை அடைத்துக்கொண்டு, கீழே இருக்கிற தம்பி வயலுக்குத் தண்ணீர் விடுவதில்லை என்று இரண்டு தடவை போய் மனு கொடுத்திருந்தாள். தண்ணீர் எங்கள் வேலை இல்லை, தாலுகா ஆபீசுக்குப் போ என்றார்கள். தாலுகா ஆபீசில், இது தகராறு, ஸ்டேஷனுக்குப் போ என்றார்கள்.

மூன்றாவது தடவை மனு எழுதுகிறவர்தான் வழி சொன்னார். காட்டுப்பன்றி விரட்டக் கேசவனிடம் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று உண்டு. அதைக் காட்டி மிரட்டுகிறான் என்று ஒரு வரி சேர்த்துப் பார் என்றார். மிரட்டியதும் பொய்யில்லை. எமர்ஜென்சி நேரம். மறுநாளே ஜீப் வந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனது. மனுவில் மீதி இருந்த தண்ணீரை ஒருவரும் படிக்கவில்லை.

அன்றைக்கு ஏசுபாதத்துக்குத் தலைகால் புரியவில்லை. "துப்பாக்கி போச்சுக்கா. இனிமே இன்னா பயம்? நம்ம முறைக்கு நானே போயி மடையத் தொறக்கறேன்," என்றான்.

நேற்று விடியற்காலையில் போய்த் திறந்தான். கேசவன் கையில் இருந்தது வரப்பு வெட்டுகிற மண்வெட்டி. ஒரே போடு.

ஸ்டேஷனில் ஏட்டு ஆபிரகாம் மட்டும் இருந்தார். இவர்கள் கோயிலுக்கே வருகிறவர்.

"இன்னாம்மா, இன்னும் எடுக்கலியா?"

"எடுத்துகினு போயி எங்க வெக்கறது சார்? குழி வெட்ட ஒரு மம்முட்டி இல்ல. அல்லாம் உங்ககிட்ட கீது."

ஆபிரகாம் திரும்பி அறை மூலையைப் பார்த்தார். மண்வெட்டிகள் குவிந்து கிடந்தன. அதற்குப் பின்னால், கழுத்தில் சீட்டுக் கட்டி, கேசவனின் துப்பாக்கி சுவரில் சாய்ந்து நின்றது. யாரோ அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள்.

"இன்ஸ்பெக்டர் வரட்டும்மா. ஆயுதத்த நான் வெளிய வுட முடியாது."

"ஆயுதமா? அதுலதான் சார் நாங்க சோறு துன்றோம்."

அவள் குவியலைக் கையால் காட்டினாள். "துப்பாக்கிய புடுங்கினீங்க. இப்ப மம்முட்டி. நாளைக்கு ஒருத்தன் கல்லால அடிச்சா ஏரிக்கரைய பேத்துகினு வருவீங்களா? நான் கேட்டது தண்ணி சார். மூணு வாட்டியும் தண்ணிதான் கேட்டேன்."

ஆபிரகாம் மெதுவாகச் சொன்னார். "நேத்து மடைகிட்ட உன் தம்பி கூட இன்னும் ரெண்டு பேரு நின்னாங்க. கேசவன் கையில துப்பாக்கி இருந்திருந்தா அவங்களும் போயிருப்பாங்க. அதையும் நெனச்சிப் பாரு."

நினைத்துப் பார்த்தாள். அதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. மூன்று பிணத்துக்குப் பதில் ஒரு பிணம் என்று சந்திரம்மாவிடம் போய்ச் சொல்ல முடியுமா?

"பொழுது போவுது சார்," என்றாள்.

ஆபிரகாம் எழுந்தார். "ஒண்ணு தரேன். நானும் கூட வரேன். வேலை முடிஞ்சதும் கையோட எடுத்துகினு வந்துடுவேன்."

காம்பில் கம்பி சுற்றிய தம்பியின் மண்வெட்டியை அவளே குவியலிலிருந்து உருவினாள். ஆபிரகாம் அதை சைக்கிள் கேரியரில் கட்டினார்.

இருபது ஆண்பிள்ளைகளுக்கு ஒரு மண்வெட்டி. ஒருவர் வெட்ட, மற்றவர்கள் அன்னக்கூடையாலும் கையாலும் மண்ணை வாரினார்கள். இடுப்பளவுக்குக் கீழே கெட்டிச் சரளை. கடப்பாரை இல்லாமல் அது அசையாது. அந்த ஆழம் போதும் என்று உபதேசியார் சொல்லிவிட்டார். பெட்டியை இறக்கி, ஜெபம் பண்ணி, மண் தள்ளி மூடினார்கள். சந்திரம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஆபிரகாம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "குடும்மா, கெளம்பறேன்."

"மண்ணாயிருக்குது. கழுவிட்டு தரேன்."

கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே கால்வாய். கேசவனைச் செங்கல்பட்டு ஜெயிலில் வைத்திருந்தார்கள். ஆனால் ஏசுபாதம் திறந்த மடையை யாரோ மறுபடியும் அடைத்திருந்தார்கள். சேறு இன்னும் காயவில்லை. அந்தப் பக்கம் தம்பியின் நாற்று தண்ணீரில்லாமல் மஞ்சளாகப் பழுத்துக் கிடந்தது.

செங்கம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஒரு வெட்டு, இரண்டு வெட்டு. மூன்றாவது வெட்டில் கட்டி பெயர்ந்து தண்ணீர் வயலுக்குள் இறங்கியது.

ஆபிரகாம் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஓடுகிற தண்ணீரில் மண்வெட்டியைக் கழுவி முந்தானையால் துடைத்தாள். கரையேறி வந்து, வெட்டுவாயைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, காம்பை அவரிடம் நீட்டினாள்.