பஸ்மியாவின் புகைக்கூடு

காஸ் கிடைக்காத அந்த வருடம் உங்களுக்கு மறந்திருக்காது. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியில் கோத்துக் கடை வாசலில் வரிசைக்கு விட்டுவிட்டு, நாம் வீட்டுக்கும் கடைக்கும் நடந்து தேய்ந்த காலம். நோன்பும் அதற்குள்ளேதான் வந்தது.

துறைமுகப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் பதினெட்டு வீடுகளுக்கும் நோன்புக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் நஜ்முன் நிஸா. இருபதாம் நோன்போடு அவருடைய காஸ் முடிந்தது.

"இனி எல்லாருக்கும் பேரீச்சம்பழமும் பச்சைத் தண்ணியும்தான்" என்றார்.

"நாளைக்கு நான் காய்ச்சுறன் ராத்தா. எங்கட குசினியில விறகடுப்பு கிடக்கு, புகைக்கூடும் இருக்கு" என்று அதே ஒழுங்கையில் இருக்கும் பஸ்மியா சொல்லிவிட்டாள். வாய் சொல்லிவிட்டது. அந்த அடுப்பு மூட்டி ஐந்து வருடமானது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவளுடைய கணவன் ஜவ்பர், கட்டாரில் உழைத்து வந்து குசினிக்கு டைல்ஸ் பதித்தவன். யன்னலுக்குக் கண்ணாடி போட்டான். சுவரில் புகை இழுக்கும் பெரிய ஃபேன் ஒன்றையும் பொருத்தினான். புகைக்கூட்டையும் இடிக்கத்தான் பார்த்தான். பஸ்மியா விடவில்லை. அன்றிலிருந்து அடுப்பின் மேல் வெங்காயக் கூடை குடியிருந்தது.

மறுநாள் நண்பகல் லுஹர் தொழுததும் வேலை தொடங்கியது. ஜவ்பர் கூரையில் ஏறிப் புகைக்கூட்டுக்குள் இருந்த பழைய குருவிக்கூட்டை இழுத்துப் போட்டான். தம்பலகாமத்து ட்ரக்டரில் வந்த நல்ல பாலை விறகு. பஸ்மியா தேங்காய்ப் பொச்சும் சுள்ளியும் அடுக்கி, பெரிய கிடாரத்தில் தண்ணீர் வைத்து, ஃபேனையும் போட்டு, நெருப்பு வைத்தாள். பிடித்தது. புகை ஒரு முழம் ஏறியது. பிறகு, வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்தவன் போலத் திரும்பிக் குசினிக்குள்ளேயே வந்தது.

"ஈர விறகோ மச்சான்?"

"தட்டிப் பாரு புள்ள, மணி மாதிரிக் கேக்குது. உன்ட புகைக்கூட்டுக்குத்தான் வயசு போயிட்டு. அண்டைக்கே இடிச்சிருக்கோணும்."

கடற்காற்று நெருப்பை அலைக்கழிக்கிறது என்று ஜவ்பர் யன்னலையும் பின்கதவையும் மூடினான். உள்ளறையில் மூச்சிழுப்புக்காரரான அவனுடைய வாப்பா படுத்திருந்தார். அதனால் அந்த அறைக்குப் போகும் கதவையும் மூடினான். ஃபேனை முழு வேகத்தில் விட்டான். புகை இன்னும் கூடியது.

"இவ்வளவு புகை குடிச்சா நோன்பு தங்குமா?"

"வேணுமெண்டு குடிச்சாத்தான் முறியும். வாய மூடிக்கொண்டு ஊதுங்க."

"வாய மூடிக்கொண்டு எப்பிடிப் புள்ள ஊதுறது?"

சிரிப்பும் வரவில்லை. மணி நாலு. தண்ணீரில் கை வைக்கலாம், அவ்வளவுதான் சூடு. பகல் முழுக்கப் பட்டினி கிடந்த பதினெட்டு வீடு அவளுடைய சொல்லை நம்பியிருந்தது.

"ராத்தாட்டப் போய் ஏலாதெண்டு சொல்லட்டா?" என்று ஜவ்பர் மெதுவாகக் கேட்டான்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள். எதற்குப் பொறுக்கச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

அப்போது கரண்ட் போனது.

"இந்தா, இதுவும் போச்சு!"

ஃபேன் தளர்ந்து தளர்ந்து நின்றது. மங்கலில் பஸ்மியா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகை ஒருமுறை தள்ளாடியது, தலையைத் திருப்பியது, பிறகு குனிந்து புகைக்கூட்டுக்குள் நுழைந்தது. நெருப்பு நிமிர்ந்து நின்று உறுமத் தொடங்கியது.

"என்ன புள்ள செய்தாய்?"

"ஒண்டும் செய்யேல்ல." மூச்சு விடவே பயந்தாள்.

பத்து நிமிடத்தில் கரண்ட் திரும்பி வந்தது. ஒழுங்கை முழுக்க ஆரவாரம். ஃபேன் சுழன்றது. புகை மூட்டையாகக் கிடாரத்தின் மேல் இறங்கியது.

"ஃபேன நிப்பாட்டுங்க மச்சான்!"

அவன் விழித்துக்கொண்டு நிற்க, அவளே ஓடிப்போய் சுவிட்சை அடித்தாள். பின்கதவையும் ஒரு சாண் திறந்துவிட்டாள். புகை விறுவிறென்று மேலே ஏறியது.

"ஃபேன் உள்ள இருக்கிற காத்த வெளிய தள்ளுது. கதவும் யன்னலும் மூடிக் கிடக்கு. புதுக் காத்து வேற எதால வரும்? கூட்டாலதான் இறங்குது. வரேக்க புகையையும் கூட்டிக்கொண்டு வருகுது."

ஜவ்பர் ஃபேனைப் பார்த்தான். "கட்டார்ல இருந்து தலையில சுமந்து வந்தனான். எனக்கே துரோகம் செஞ்சிட்டு." அரிசிச் சாக்கு ஒன்றால் அதன் முகத்தை மூடிக் கட்டினான்.

அதன் பிறகு எல்லாம் ஓடியது. அரிசி, வெந்தயம், இஞ்சி, உள்ளி, றம்பை இலை, கடைசியில் தேங்காய்ப்பால். கஞ்சி பதமாகி இறங்கும்போது ஆறு மணி ஆகவில்லை.

முதலில் வாளியோடு வந்தவர் பக்கத்து வீட்டு இன்பமலர். கோயிலுக்குப் போகிறவர், ஆனாலும் நோன்பு மாதத்தில் ஒருநாளும் கஞ்சியை விடமாட்டார்.

"நாலு மணி வரைக்கும் பாத்தனான், உங்கட கூட்டில புகையில்லை. சரி, இண்டைக்குக் கஞ்சியில்லையெண்டு நினைச்சிட்டன். பிறகு பாத்தா கப்பல் புகை மாதிரிப் போகுது! ஒழுங்கையே வாளியோட வருகுது."

பஸ்மியா அகப்பையை நீட்டினாள். "மலரக்கா, நீங்க நோன்பில்லைதானே? உப்புப் பாருங்க. புகை மணக்குதோ எண்டும் சொல்லுங்க."

இன்பமலர் ஊதி ஊதிக் குடித்தார். பஸ்மியா அவருடைய முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"புகையும் இல்லை, ஒண்டும் இல்லை. உப்பு மட்டும் ஒரு கிள்ளுப் போடுங்கோ."

பஸ்மியா ஒரு கிள்ளுப் போட்டாள். அப்படியே பின்கதவுப் படியில் உட்கார்ந்து, சிவந்த கண்ணோடு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.