மொன்னப்பாவின் இரண்டு வெடி

சமையலறைக்குப் பின்னால், துவைக்கும் கல் ஓரமாகத் துப்பாக்கிக் குழலை நிமிர்த்திச் சாய்த்து, மேல்வாய் வழியாகக் கச்சம்புளியை ஊற்றினேன். பன்றிக்கறிக்கு விடுகிற கருப்புக் காடி. அடியில் தீ போகும் சின்னத் துளையை மெழுகால் அடைத்திருந்தேன். உள்ளே துருவைக் காடி தின்கிற சத்தம் மெல்லக் கேட்டது.

"வருஷத்துக்குன்னு காய்ச்சி வச்சது," என்றாள் என் மனைவி தேச்சவ்வா. "இரும்பு குடிக்கட்டும். நாம கறிய வெறும் உப்புல வேகவச்சுத் தின்னுக்கலாம்."

"வேற எதுக்கும் இந்தத் துரு அசையல."

"அப்ப விட்டுத் தொலைங்களேன். மந்தண்ணா வீட்ல நல்ல துப்பாக்கி இருக்கு. நாளைக்கு ஒண்ணுன்னா அவரு குடுக்க மாட்டாரா?"

உள்ளறையில் அப்பா மொன்னப்பா படுத்திருந்தார். அந்த ஒண்ணு அவர் சாவுதான்.

ஆடி மழையில், பெரியப்பாவின் சாவுக்கு இந்தத் துப்பாக்கியால்தான் இரண்டு வெடி போட்டோம். வெடித்த குழலைக் கொதிக்கும் தண்ணீரால் கழுவுவது எப்போதும் அப்பாவின் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டார். அன்று வெந்நீர்ப் பானையோடு முற்றத்தில் இறங்கியவர் அங்கேயே விழுந்தார். ஒரு பக்கம் போய்விட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய அமளியில் யாரோ துப்பாக்கியைக் கழுவாமலே சுவரில் மாட்டிவிட்டார்கள். கரிமருந்தின் அழுக்கு மழைக்காலம் முழுக்க இரும்பை அரித்தது. ஆவணியில் ஆயுதங்களுக்குப் பூசை செய்து, குழல் வாயில் செங்காந்தள் பூ செருகும் நாளிலும் அதை யாரும் இறக்கவில்லை. இறக்கும் தெம்பு யாருக்கும் இல்லை.

பேச்சு கொஞ்சம் திரும்பியதும் அப்பா கேட்டது ஒன்றுதான். தன் சாவுக்கு அடுத்தவன் குழல் வெடிக்கக் கூடாது.

அதன்பிறகு அவரைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, கஞ்சி ஊட்டுவது, மீதி நேரம் குழல். இரண்டும் ஒரே வேலைபோல ஆகிவிட்டன. கருப்புத் தண்ணீரைக் கொட்டி, சாம்பல் நீரால் கழுவி, மண்ணெண்ணெய் விட்டு, கம்பியின் நுனியில் தேங்காய் நாரைச் சுற்றி மேலும் கீழும் இழுப்பேன். சிவப்பாக வரும். மறுபடியும் சிவப்பாகவே வரும். அப்பா உள்ளிருந்து, "ஆச்சா?" என்பார். "ஆகுதுப்பா," என்பேன். எது ஆகிறது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

காப்பிப் பழம் சிவக்கும் காலத்தில் நார் வெள்ளையாக வந்தது. பக்கத்துத் தோட்டத்து மந்தண்ணா வந்து, அடிமூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். சுழன்று போகும் வரிகள் தெரிந்தன. அடிப்பக்கம் முழுக்கக் குழி.

"அம்மை போட்ட மூஞ்சிடா இது," என்றான். "தோள்ல வச்சுச் சுட்டேன்னா உன் மூஞ்சியும் இப்படித்தான் ஆகும்."

"மரத்துல கட்டி வச்சுப் பாத்துடலாம்."

"பாக்கலாம். ஒண்ணு போட்டா ஆம்பளப் புள்ள பொறந்திருக்குன்னு அர்த்தம். இந்த வயசுல தேச்சவ்வா வெளிய தல காட்ட முடியாது. ரெண்டு போட்டா ஊரே வெள்ளை உடுத்திக்கிட்டு வந்துடும். எது வேணும்?"

"ஒண்ணே போடு."

குண்டில்லாமல் மருந்தும் நாரும் மட்டும் கெட்டித்து, பலாமரத்தில் இறுக்கிக் கட்டினோம். விசையில் கயிறு போட்டு, பாறைக்குப் பின்னாலிருந்து இழுத்தேன். மலை திருப்பிச் சொன்னது. பள்ளத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "யாரு வீட்லயோ கொழந்த?"

"போபய்யாவுக்கு!" என்று என் பெயரைச் சொல்லி மந்தண்ணா கத்தினான். "அப்பன் ஜாடையாம்!"

நானும் சிரித்தேன். சிரித்த களைப்பில் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு போய்த் தடவிப் பார்த்தேன். அடிப்பக்கம் முடி அளவுக்கு ஒரு விரிசல் நகத்தில் தட்டியது. மந்தண்ணாவும் தடவினான். சிரிப்பு நின்றது.

"இன்னும் ஒண்ணு தாங்கும்," என்றான். "அதுக்கு மேல இல்ல."

அந்த ஒன்றை எடுத்து வைக்கலாம். அப்பா போகும் நாளில் அது ஒற்றையாக வெடிக்கும். ஊர் குழந்தை பிறந்ததாக நினைத்துக்கொள்ளும்.

உள்ளே போனேன். அப்பா கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

"ஒண்ணுதானா?"

"சோதனைக்குப்பா."

"ரெண்டாவதையும் போடு."

"போட்டா சனம் வந்துடும்."

"வரட்டும். எனக்குத்தானே போடுற?" மூச்சு வாங்கினார். "அப்புறம் போட்டா எனக்கா கேக்கப் போகுது."

நான் கட்டில் காலைப் பிடித்தபடி நின்றேன். அவர் நல்ல பக்கத்துக் கையால் ஜன்னலைக் காட்டினார். திறந்து வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மருந்தை மந்தண்ணாவே அளந்தான், முன்னதைவிடக் கொஞ்சம் குறைத்து. நான் கயிற்றை இழுத்தேன். இந்த முறை சத்தத்தோடு ஒரு கிழிசலும் இருந்தது. புகை விலகியபோது அடிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. பலாமரத்தின் பட்டை உரிந்து பால் வடிந்தது.

தேச்சவ்வா வாசலுக்கு ஓடி வந்தாள். மந்தண்ணா பாதைக்கு இறங்கினான். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் கேட்டது: "சாகல! ஒண்ணும் ஆகல, திரும்பிப் போங்க! என்னத்த முறைக்கிற, உயிரோடதான் இருக்காரு!"

சிலர் திரும்பவில்லை. வெள்ளை உடுத்து வந்தவர்கள் அப்படியே அப்பாவின் கட்டிலைச் சுற்றி நின்று, காப்பி குடித்து, காய்ப்பு எப்படி என்று பேசினார்கள். அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் மந்தண்ணா என் தோளைத் தொட்டான். "அன்னைக்கு என்னோடத எடுத்துட்டு வரேன்."

"வேண்டாம்டா. அவருக்குப் போட்டாச்சு."

எல்லோரும் போன பின் அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். குழலைக் கழற்றி, கல்லில் நிறுத்தி, மேல்வாயில் ஊற்றினேன். தண்ணீர் பிளவு வழியாக என் காலில் கொட்டியது. சுட்டது. மறுபடியும் ஊற்றினேன்.

"கழுவிட்டியா, போபு?" என்று ஜன்னல் வழியாக அப்பா கேட்டார்.

"கழுவுறேன்பா."