கதவைத் திறந்தவன் நான்தான்

எங்கள் ரோமில் ஒரு கர்தினால் பாப்பரசர் ஆகிவிட்டால் அவர் வீட்டை ஜனங்கள் சூறையாடலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். உலகமே கைக்கு வந்த மனிதருக்குப் பழைய கட்டிலும் அண்டாவும் எதற்கு? எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, எங்கள் வீட்டு முறை வரும்வரை.

நான் பெரார்தினோ, கர்தினால் மலஸ்பெத்தி வீட்டுக் காரியஸ்தன். அவர் முப்பது வருஷம் பிரான்ஸ் ராஜாவுக்கும் ஸ்பெயின் ராஜாவுக்கும் நடுவே தூது போனவர். இரண்டு ராஜாக்களும் அவரைத் தங்கள் ஆள் என்றே நம்பினார்கள் என்றால் ஆள் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பாப்பரசர் இறந்தார். புதியவரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்மாரை அரண்மனைக்குள் வைத்துப் பூட்டும் நாள் வந்தது. கிளம்பும்போது என் காதைத் திருகினார்.

“நான் வெறும் கர்தினாலாவே திரும்பி வந்து, வீட்ல ஒரு கரண்டி குறைஞ்சிருந்தாலும் உன் வேலை போச்சுடா. வதந்தியைக் கேட்டுக் கதவைத் திறந்துடாதே.”

“என் பொணத்தைத் தாண்டித்தான் சாமி உள்ள வருவாங்க.”

இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டுச் சோறு. ஐம்பது வயதில் துரத்தினால் என்னை எவன் சேர்ப்பான்? பத்து நாளும் கதவுக்குப் பின்னாலேயே படுத்துக் கிடந்தேன். மூன்று வதந்திகளைத் துடைப்பத்தால் விரட்டினேன்.

தினமும் நான் அனுப்பும் சாப்பாடு சுவரில் பதித்த சுழல் பெட்டி வழியாக உள்ளே போகும், காலிப் பாத்திரம் வெளியே வரும். சீட்டு ஏதாவது போகிறதா என்று காவலர்கள் பொரித்த கோழியின் வயிற்றைக்கூட விடாமல் கிழித்துப் பார்ப்பார்கள். பதினோராம் நாள் காலை, அழுக்குத் துணிகளோடு அவருடைய சிவப்புக் குல்லா வந்தது. அதில் எழுத்து எதுவும் இல்லாததால் விட்டுவிட்டார்கள்.

எனக்கு எழுத்து எதற்கு? பாப்பரசர் போடுவது வெள்ளைக் குல்லா. சிவப்பைத் தூக்கிப் போட்டுவிட்டாரே!

கதவு இரண்டையும் திறந்தேன். “நம்ம சாமிதான் பாப்பரசர்!” என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். தெருவே வீட்டுக்குள் வந்தது. திரைச்சீலை, தொட்டி, கரண்டி எல்லாம் போயிற்று. வேலியே பயிரை மேய்ந்தது போல, மாடியிலிருந்து தலையணைகளை நானே எறிந்தேன்.

“அண்ணே, அந்தப் பக்கம் ஒரு கை குடுங்க!” என்றாள் மீன் பொரித்து விற்கும் பெர்ப்பேத்துவா. சாமியின் எழுத்துமேசையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“பூட்டியிருக்கும்மா. உள்ள வெறும் காகிதந்தான்.”

“வெறும் காகிதமா! எனக்கு மீன் கட்ட ஆகுமே. ஆமா, ஏன் இப்படி அழறீங்க? பொண்ணைக் கட்டிக் குடுத்த மாதிரி?”

“சந்தோஷம்மா, சந்தோஷம்!” தேம்பிக்கொண்டே அவள் கடை வரை தூக்கிக் கொடுத்தேன்.

மதியம் மணிகள் அடித்தன. மாடத்திலிருந்து பெயரை அறிவித்தார்கள். எங்கள் சாமி இல்லை. பத்து வருஷமாக அவர் குட்டை உடைக்கக் காத்திருந்த எதிரி கர்தினால்தான் புதிய பாப்பரசர்.

மாலையில் சாமி வந்தார். உட்கார ஒரு முக்காலி இல்லை. நான் காலில் விழுந்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் புதிய பாப்பரசரின் படைத்தலைவர் ஆட்களோடு நுழைந்தார்.

“உங்க கடிதம் எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லி உத்தரவு.”

“தாராளமா எடுத்துக்கோங்க,” என்றார் சாமி. “எங்கேன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க. இந்த முட்டாள் கதவைத் திறந்துட்டான்.”

“கேள்விப்பட்டேன். தேம்பித் தேம்பி அழுதானாமே!” வெற்றுச் சுவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

கதவைச் சாத்தியதும் சாமி கேட்டார்: “மேசை யார்கிட்ட?”

“பெர்ப்பேத்துவாகிட்ட சாமி.”

“இன்னைக்கு வியாபாரம் எப்படி?”

“ஊரே தெருவுல நிக்குது. மத்தியானமே மீனும் தீர்ந்துச்சு, காகிதமும் தீர்ந்துச்சு.”

சாமி வெறும் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு ராஜாக்களும் எழுதிய கடிதங்கள் அவை. படைத்தலைவர் கையில் கிடைத்திருந்தால் இந்நேரம் பாதாளச் சிறையில் இருப்பார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“குல்லாவை வேணும்னே அனுப்பினீங்களா?”

“ஓட்டு எந்தப் பக்கம் சாயுதுன்னு காலையிலேயே தெரிஞ்சுபோச்சு.”

எனக்கு வந்ததே கோபம்! “இருபத்திரண்டு வருஷம் சாமி! போகும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கமுக்கமா எரிச்சிருப்பேனே! ஊர் முன்னாடி என்னைக் கோமாளியாக்கிட்டீங்களே!”

“எரிச்சிருந்தா, எதை எரிச்சேன்னு கேட்டு அந்தப் படைத்தலைவன் உன் தோலை உரிச்சிருப்பான்.” சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஊர் நம்பணும்னா, நான் பாப்பரசரானேன்னு நிஜமாவே சந்தோஷத்துல அழற ஆள் ஒருத்தன் வேணும். உள்ள படுத்துக்கிட்டு ரோம் முழுக்க யோசிச்சுப் பார்த்தேன் பெரார்தினோ. ஒரே ஒருத்தன்தான் தேறினான்.”

நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.