கசப்பு உண்டா என்று கேட்டார்கள்

1

"டீச்சரம்மா, நீங்க குடிக்கிற செம்புல எனக்குத் தண்ணி குடுங்க."

இந்தக் கதை இந்த வாக்கியத்திலிருந்துதான் பிறந்தது. தல்லாகுளத்தில், அருளாயி அம்மாள் வீட்டு முன்னறையில் நின்றுகொண்டு நான் கேட்டது. கேட்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்து, பிறகு ஞானஸ்நானம் பெற்ற என் அப்பா மொக்கையன் சொல்வார்: "படிப்பைக் கேளு, வேலையைக் கேளு, ஆண்டவர்கிட்ட மழையக்கூடக் கேளு தாயி. மேல்சாதிக்காரவுக செம்பை மட்டும் கேக்காத."

நான் பி.ஏ. எங்கள் தெருவில் முதல் பி.ஏ. ஆகவே கேட்டேன்.

[ஆகவே என்பது தவறு. படித்ததால் கேட்கவில்லை. ஏன் கேட்டேன் என்பதற்குத்தான் இத்தனை பக்கம்.]

2

முதலில் எழுதிய தொடக்கம் வேறு.

'வைகை மணலில் வெயில் படுத்திருந்தது. வெளுத்துக் காயப்போட்ட வேட்டிகள் ஆளில்லாமல் எழுந்து, பாலத்தடிக்கு நடந்து போய், அங்கே'

அங்கே என்ன செய்தன என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன். ஆனால் அந்த வேட்டிகள் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன. மத்தியானங்களில்தான் எழுதுகிறேன், பேனா கையில் இருக்கும்போதே கண் சொருகிவிடுகிறது. விழித்துப் பார்த்தால் நான் எழுதாத வரி ஒன்று என் கையெழுத்தில் இருக்கிறது. எதை நம்புவது என்று கேட்டால், செம்பை நம்புங்கள். அது நடந்தது.

3

அதுவரை வாசலோடு நிறுத்தப்பட்டிருந்த எங்கள் சனங்கள் பெரிய கோயிலுக்குள் முதன்முதலாகப் போன வருஷம். நான் வீட்டு ஊழியத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். வெளியே வராத பெண்களின் வீடுகளுக்குப் போய், எழுத்துச் சொல்லிக்கொடுத்து, கிறிஸ்துவைப் பற்றியும் சொல்கிற வேலை. பயிற்சியில் மூத்தவர் ஒருவரோடு போக வேண்டும். எனக்கு மூத்தவராக வாய்த்தது ஊழியத்தின் தலைவியான அருளாயி அம்மாளே. முடிவில் ஆயத்தக் கூட்டம் என்று ஒன்று நடக்கும். அதில் தேறியவர்கள் தோளில் புத்தகப் பை மாட்டி, தனியாக அனுப்புவார்கள்.

அந்தப் பை எனக்கு வேண்டும். வேறு எதையும் அப்படி ஆசைப்பட்டதில்லை. (நான் கோபக்காரி. விசுவாசியும்தான். இரண்டும் ஒருத்திக்குள் இருக்காது என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

நாங்கள் போன வீடு அமீருன்னிசாவுடையது. பழைய நகரத்துச் சந்தில், அத்தர் விற்கும் அவர் கணவர் சேக் இஸ்மாயிலின் வீடு. வாசலில் பச்சைத் திரை. அதன் வழியாக வரும் வெளிச்சத்தில் எல்லோரும் குளத்துக்கு அடியில் உட்கார்ந்து பேசுவது போலிருக்கும். ஒரு நாள் அமீருன்னிசா செம்பில் சர்பத் கொண்டுவந்தார். நான் அண்ணாந்து குடித்துவிட்டு அருளாயி அம்மாளிடம் நீட்டினேன்.

"எனக்கு இன்னைக்கு உபவாசம்" என்றார் அவர்.

"உபவாசமா? இப்பத்தானேம்மா முறுக்கு தின்னீங்க?" என்றார் அமீருன்னிசா.

அருளாயி அம்மாள் கை கழுவப் பின்கட்டுக்குப் போனார். அமீருன்னிசா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"உன் வாய்கூடப் படலையே, புள்ள! பெரிய கோயிலுக்குள்ளயே உங்க சனத்தை விட்டாச்சு. இந்தம்மா வீட்டுச் செம்புக்கு எப்ப கும்பாபிஷேகம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன்.

"உங்க இயேசு, எங்க ஈஸா, எங்களுக்கும் நபிதான். நீ சொல்றதைக் கேக்க எனக்கு ஆசைதான். ஆனா ஒண்ணு. அவங்க வீட்டுல நீ எதுல தண்ணி குடிக்கிற?"

"கேட்டதில்லக்கா."

"கேக்காமயே தாகம் அடங்கிருச்சா? போ, கேட்டுட்டு வந்து உள்ளதைச் சொல்லு. அப்புறம் உன் கதையைச் சொல்லு."

4

ஆகவே கேட்டேன். [இப்போது இந்த 'ஆகவே' சரி.]

அருளாயி அம்மாள் உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வந்தார். கையில், ஜன்னல் ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடித் தம்ளர்.

"செம்பு என் மாமியாரோடது. வயசானவுக. விசுவாசம் வேற, வீட்டு வழக்கம் வேற, தங்கப்பொண்ணு. இதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டா நீ எப்படி ஊழியத்துக்குப் போவ?"

"மனசுல வைக்கக் கேக்கல டீச்சரம்மா. வாயில வைக்கத்தான் கேட்டேன்."

குடிக்காமல் வந்துவிட்டேன்.

5

இந்த இடத்தில் கதை நின்றுபோனது. நேற்று மத்தியானம் தூங்கிவிட்டேன். அருளாயி அம்மாள் வைகை மணலில், காயும் துணிகளுக்கு நடுவே வந்தார். அவர் நடந்த இடத்தில் காலடி விழவில்லை.

"என்னைய ஏன் இம்புட்டுச் சின்னவளா எழுதுற? நீ விசக்காய்ச்சல்ல கிடந்தப்ப யார் ஒக்காந்திருந்தா?"

அவர்தான் உட்கார்ந்திருந்தார். பயிற்சி விடுதியில், விடிய விடிய, என் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்தார். என் வாந்தியைத் தன் முந்தானையால் துடைத்தார். எழுதாமல் விட்டிருந்தேன், இப்போது எழுதிவிட்டேன். அந்தக் கை பொய்யில்லை. அதே கை எப்படிச் செம்பை விட்டுவிட்டுத் தம்ளரை எடுத்தது என்பது எனக்குப் புரியவில்லை. எழுதுகிறவளுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும் என்று எவர் சொன்னது?

[கிணற்றடியில் அயல்சாதிப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்டதை இங்கே நுழைத்தால் பொருத்தமாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். அதை அருளாயி அம்மாள் என்னைவிட நன்றாகச் சொல்வார். கேட்கிறவர்கள் அழுவார்கள். அதனால் நுழைக்கவில்லை.]

6

ஆயத்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். பெண்கள் வட்டமாக முழங்காலில் நிற்பார்கள். தலைவி ஒவ்வொருத்தியிடமும் வந்து கேட்பார்: உனக்கு யார் மேலாவது கசப்பு உண்டா? மற்றவர்களோடு விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்ளப் போகிறவளின் உள்ளம் சுத்தமாக இருக்க வேண்டுமாம். இல்லை என்று சொல்ல வேண்டும். எல்லோரும் இல்லை என்பார்கள். என் பக்கத்தில் இருந்த மலையம்மாள் நாத்தனாரோடு முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. அவளும் இல்லை என்றாள், பை வாங்கினாள், என் காதில் சொன்னாள்: "சட்டுனு இல்லைன்னு சொல்லிட்டு எந்திரிடி. முட்டி வலிக்குது."

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: இல்லை என்கிறேன். பை தோளில் ஏறுகிறது. செம்பில்தான் குடித்தேன் என்று அமீருன்னிசாவிடம் சொல்கிறேன். எல்லோருக்கும் சந்தோஷம்.

மற்றது: அருளாயி அம்மாள் மனம் உடைந்து, வீட்டுக்கு ஓடி, அந்தச் செம்பை எடுத்து

இதைப் பலமுறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் அவர் அடுக்களை வாசலோடு நின்றுவிடுகிறார். பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தேன். என் கை அவருக்குள் புகுந்து, புகைக்குள் போவது போல அந்தப் பக்கம் வந்துவிட்டது.

7

நடந்தது இது.

"கசப்பு உண்டா, தங்கப்பொண்ணு?"

"உண்டு."

யாரோ இருமினார்கள்.

"யார் மேல?"

"உங்க மேல, டீச்சரம்மா."

அவர் முகம் வெளிறியது. பை அவர் கையிலேயே இருந்தது. "ஆயத்தமில்லாதவளை நான் அனுப்ப முடியாது. இல்லைன்னு ஒரே வார்த்தை. சொல்லு புள்ள. உனக்குத்தான் வச்சிருக்கேன்."

கெஞ்சலாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

"இங்க பொய் சொல்லிட்டு, அங்க போய் எந்த வாயால ஆண்டவரைப் பத்திப் பேசுவேன்?"

"அப்ப நீ என்னைக்குத்தான் ஆயத்தமாவ?"

தலையைக் குனிந்து எனக்குள் ஜெபித்தேன். ஆண்டவரே, கசப்பு இருக்கிறது, போகவில்லை, அதையும் கூட்டிக்கொண்டு போகிறேன், நீரும் வாரும். இதற்குமுன் அவ்வளவு நேராக நான் ஜெபித்ததில்லை. திரைக்குப் பின்னாலிருந்து வருவது போன்ற பச்சை வெளிச்சம் என் கண்ணுக்குள் கொஞ்ச நேரம் நின்றது.

அமீருன்னிசாவிடம் சொல்ல வேண்டியது என்னிடம் தயாராக இருந்தது: கேட்டேன், கொடுக்கவில்லை, ஆனாலும் நான் கிறிஸ்துவை விசுவாசிக்கிறேன். அதற்கு அமீருன்னிசா என்ன சொல்வார்? அதை நான் எழுதப்போவதில்லை. அது அவர் வாய். என் பேனாவுக்கு அங்கே வேலை இல்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவரை மதம் மாற்றி மட்டும் முடித்துவிடாதீர்கள். என்னைச் சாந்தமாக்கியும் முடிக்காதீர்கள்.

எழுந்தேன். கால் மரத்திருந்தது. மலையம்மாள் என் சேலையைப் பிடித்தாள்.

"எங்கடி போற?"

"வீட்டு ஊழியத்துக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன்.