சந்தனம் வைத்த மவுஸ்

நவமணி புதிதாக வாங்கிய ஒயர் இல்லாத மவுஸை வலப்பக்கம் நகர்த்தினாள். திரையில் அம்பு அசையவில்லை. அடுத்த அறையில் கட்டிலில் கிடந்த அவள் கணவர் நாச்சிமுத்துவின் வலது கை வலப்பக்கம் நகர்ந்தது.

அவள் அதைப் பார்க்கவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் வரைந்து கொடுப்பது அவள் வேலை. அம்பு நகராவிட்டால் அடுப்பு எரியாது. அட்டைப்பெட்டியில் சொன்னபடிதான் எல்லாம் செய்திருந்தாள். பேட்டரி போட்டாள். நகத்தளவு ரிசீவரைக் கம்ப்யூட்டரில் செருகினாள். ‘நாச்சிமுத்து, வலது கை. இணைக்கலாமா?’ என்று திரை கேட்டது. கம்ப்யூட்டர் கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை. என்டரைத் தட்டினாள். இப்போது மவுஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, பழுது என்று புகாரும் கொடுத்துவிட்டாள்.

அப்புறம்தான் நாச்சிமுத்து கூப்பிட்டார்.

“ஏ புள்ள, என்ற கையை ஆரோ இழுக்கறாங்க.”

“எந்தக் கைங்க?”

“சோத்துக் கை.”

வாதம் வந்ததிலிருந்து அந்தக் கை போட்டது போட்ட இடத்தில் கிடந்தது. சோறு ஊட்ட நவமணி இருந்தாள். அதில் அவருக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் கும்பிடுவதில்தான். பார்க்க வருகிறவர்கள் இரண்டு கையும் குவித்துக் கும்பிடுவார்கள். இவர் இடது கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். தன்னைக் கும்பிட்டவரைத் திருப்பிக் கும்பிடாமல் விட்ட மனிதர் இல்லை அவர். அதனால் செருப்புச் சத்தம் கேட்டதும் கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தார். வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். போகப் போக வருவதையும் நிறுத்திவிட்டார்கள்.

நவமணி மவுஸோடு கட்டிலருகே வந்தாள். ஒயர் இல்லாததன் அருமை அப்போது தெரிந்தது. மெத்தைமேல் வைத்து இடப்பக்கம் தள்ளினாள். கை இடப்பக்கம் வந்தது. சக்கரத்தை உருட்டினாள். கை மேலே எழுந்தது. அமுக்கினாள். விரல்கள் மடங்கின. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மவுஸை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாச்சிமுத்துவின் கை அவர் கண்ணில் போய் இடித்தது.

“மெதுவா, புள்ள” என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

கம்பெனிக்காரர் எபினேசர் உடனே வந்துவிட்டார். ஆனால் முன்கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த நடை அன்று நீண்டுகொண்டே போனது. பாதி வழியில் டிபன்பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார். கை கழுவ அங்கேயே ஒரு குழாய் இருந்தது. வெயில் சாய்ந்த பிறகு கட்டிலருகே வந்து சேர்ந்தார்.

“ஏனுங்கக்கா, அம்பு நகரலீன்னு சொன்னீங்களே.”

“நகருதுங்க.”

நவமணி உருட்டிக் காட்டினாள். நாச்சிமுத்துவின் ஆள்காட்டி விரல் சுவரைக் காட்டியது. ஜன்னலைக் காட்டியது. எபினேசரைக் காட்டியது.

“அம்பு நல்லாத்தான் இருக்குது. கொஞ்சம் பெருசு.” மவுஸை வாங்கிப் புரட்டினார். “இதென்னங்க அடியில?”

“சந்தனமுங்க. புதுசா எது வாங்குனாலும் வெக்கறதுதான். மிக்சிக்கும் வெச்சேன். இதுக்கு நெத்தி எங்கன்னு தெரீல. அடியில செவப்பாக் கண்ணாட்ட ஒண்ணு எரிஞ்சுது. அதுமேலயே வெச்சுட்டேன்.”

“கண்ண மறைச்சுட்டீங்க. தொடைக்கோணும்.”

“தொடைச்சா?”

“அம்பு ஸ்கிரீனுக்குப் போயிரும்.”

“அப்ப இவரு கை?”

“கை எங்க கேரண்டில வராதுங்க.”

சட்டைப்பையிலிருந்து பஞ்சை எடுத்தார். நவமணி குறுக்கே கையை நீட்டினாள்.

“நான் பழைய ஒயர் மவுஸ்லயே வரைஞ்சுக்கறேனுங்க. இத இப்பிடியே உட்டுருங்க.”

“புகார் குடுத்துட்டீங்களேக்கா. தொடைக்காமப் போனா நடை என்னைய வெளிய உடாதுங்க.”

அவர் மேல் தப்பில்லை. அவருக்கும் வீடு இருக்கும். நவமணி மவுஸைத் திரும்ப வாங்கினாள். மெத்தையில் வைத்து, அதன்மேல் நாச்சிமுத்துவின் வலது கையைத் தூக்கி வைத்தாள்.

“தொடைக்கறதுக்கு முன்ன ஒருக்கா நீங்களே புடிச்சுக்குங்க” என்றாள்.

மவுஸ் கொஞ்சம் நகர்ந்தது. மவுஸ் நகர்ந்ததால் கை நகர்ந்தது. கை நகர்ந்ததால் மவுஸ் நகர்ந்தது. எது முதலில் என்று எபினேசர் குனிந்து பார்த்தார். பிடிபடவில்லை. மெத்தையின் ஓரம் வந்ததும் மவுஸ் நின்றுவிட்டது. கை நிற்கவில்லை. அது பாட்டுக்கு நெஞ்சின் மேல் ஏறியது. இடது கை அங்கே முன்பே வந்து காத்திருந்தது.

நாச்சிமுத்து எபினேசரைக் கும்பிட்டார்.

“வாங்க, உக்காருங்க. வந்தவங்கள நான் இன்னும் கும்புடவே இல்லீங்களே.”

எபினேசர் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துடைப்பதைப் பற்றி அவர் அப்புறம் பேசவில்லை.

நவமணிக்கு அழுகை வந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மவுஸுக்கு, சந்தனத்துக்கு, எபினேசருக்கு, கேட்டுவிட்டு இணைத்த கம்ப்யூட்டருக்கு என்று எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டாள். காபி வைக்கப் போனாள்.

நடையில் வெகுதூரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒருவர் இருவர் இல்லை, ஊரே வருவதுபோல் இருந்தது. ஆரஞ்சுப் பழ வாசனை முதலில் வந்து சேர்ந்தது.

“புள்ள, தலகாணிய நிமித்தி வையி” என்றார் நாச்சிமுத்து. சத்தம் நெருங்கியது. அவர் கண்ணை மூடவில்லை.