நாலு கோடு சிக்னல்

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டுப் போன் அடித்தாலும், கூப்பிட்டது யார், எதற்கு என்று எனக்குத் தெரிந்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை. சுவர் மெலிசு, என் காது கூர்மை, அவ்வளவுதான். கீழ்வீட்டு டெய்லரின் மனைவி எனக்கு வைத்த பெயரே ரேடியோ. பதிலுக்கு நான் வைத்தது பட்டன் அக்கா. அவர் தைத்துத் தள்ளுவார், இவள் பட்டன் வைத்து முடிப்பாள்.

அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய் மூன்று வருஷம். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில் நாலு மணி நேர டயாலிசிஸ். ஒரு கையில் ஊசி, மறு கையில் போன். "ஏய் ரேடியோ, இன்னிக்கு என்ன சேதி?" என்று ஆரம்பித்தால் மெஷின் நிற்கிறவரை ஓயமாட்டாள். எதிர்ப் படுக்கைக்காரரின் இரண்டாம் சம்சாரம் வந்து போன கதைகூட அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாற்றுக் கிட்னிக்கான பட்டியலில் அவள் பெயர் மேலே வந்தது. ஆஸ்பத்திரி நாலாம் மாடி ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்: "எப்ப வேணா கூப்பிடுவோம். மூணு தடவை அடிப்போம். அரை மணி நேரத்துல எடுக்கலேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

அந்த வீட்டில் இருந்ததோ ஒரே போன். அதில் மஞ்சள் கம்பெனி சிம். ஜன்னல் கம்பியில் காதை ஒட்டினால்தான் பேச்சு கேட்கும். டெய்லருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏம்மா, எந்தக் கம்பெனி நல்லா எடுக்குது?" என்று என்னிடம்தான் வந்தார். வேறு யாரிடம் போவார்? டிரைவரிடம் சிவப்பு, டீச்சரம்மாவிடம் நீலம் என்று நானே இரண்டு போன்களை இரவல் வாங்கி வந்தேன். ஒரு ஞாயிறு முழுக்க வீட்டை அளந்தோம். அளந்தோம் என்றால் நிஜமாகவே அளந்தோம். நான் போனைத் தூக்கிப் பிடித்து எத்தனை கோடு என்று சொல்ல, அவர் துணியில் குறி போடும் நீலச் சாக்கட்டியால் சுவரில் எழுதுவார். கூடத்தில் சிவப்புக்கு நாலு. சமையலறையில் நாலு. குளியலறையில் மூணு. பீரோவுக்குள் வைத்தும் பார்த்தார்.

"அக்காவைப் பீரோவுல வச்சா பூட்டப் போறீங்க?" என்றேன்.

"நீ சும்மா இரும்மா. கோட்டை மட்டும் சொல்லு."

கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா சிரித்தாள். "எனக்குக்கூட இவர் இவ்வளவு பாத்துப் பாத்து அளவு எடுத்ததில்லடி."

சிவப்புதான் ஜெயித்தது. எண்பத்து நாலு நாள் ரீசார்ஜ் பேக் மற்றதைவிட மலிவு. துணியில் மிச்சம் பிடித்தவர்போல டெய்லருக்கு முகம் மலர்ந்தது. நம்பர் மாறாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

அதோடு விட்டாரா? சட்டைக்கு உள்பக்கம், நெஞ்சுக்கு நேராக, போனுக்கென்று ஒரு பை தைத்துப் பட்டன் போட்டார். இனி அந்தப் போனில் யாரும் பேசக் கூடாது, லைன் ஒழிந்தே இருக்க வேண்டும் என்று சட்டம். சார்ஜ் இறங்கிவிடும் என்று வெளியே எடுத்துப் பார்ப்பதும் இல்லை. அக்கா டயாலிசிஸில் இருக்கும் நாலு மணி நேரமும் அதே கீழ்த்தளத்தில், வார்டுக்கு வெளியே பெஞ்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்கள் நோயாளி இவர்தான் என்று நினைப்பார்கள்.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு சேதி வந்தது. ஆஸ்பத்திரிப் படிவத்தில் இரண்டாவது நம்பர் கேட்டிருக்கிறார்கள். இன்னொரு நம்பர் இல்லாத டெய்லர் அதே நம்பரை மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறார். "மாடிவீட்டம்மா நம்பர் இருக்கே" என்று அக்கா சொன்னதற்கு, "அந்தம்மா லைன் என்னிக்கு ஃப்ரீயா இருந்திருக்கு?" என்றாராம். சொன்னது பொய்யில்லை. ஆனாலும் சுருக்கென்று தைத்தது. ஞாயிறு பூரா கை கடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தவள் நான்.

அதோடு கீழ்த்தளத்திலிருந்து வரும் அக்காவின் பேச்சும் நின்றது. சட்டம் போட்டவர் டெய்லர் என்றாலும், ரகசியமாக ஒரு நிமிஷம் பேசியிருக்கலாமே இவள்? இருக்கட்டும், இவளே கூப்பிடட்டும் என்று நானும் முறுக்கிக்கொண்டேன். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காமல் நான் இருந்தது பிறந்ததிலிருந்து அந்த மூன்று வாரம்தான்.

நாலாவது வாரம், பட்டப்பகல். டயாலிசிஸ் முடிந்து இருவரும் படியேறித் தெருவுக்கு வந்ததும் டெய்லரின் நெஞ்சு அதிர்ந்தது. பட்டனைப் பிய்த்துப் போனை எடுத்தார். அழைப்பு இல்லை. வரிசையாக மூன்று தகவல்: இந்த எண்ணிலிருந்து அழைத்தார்கள், நீங்கள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தீர்கள்.

அக்காவை நடைபாதையிலேயே உட்காரவைத்துவிட்டு நாலு மாடியும் ஓடியிருக்கிறார்.

"எங்க சார் போயிருந்தீங்க?" என்று கேட்டாராம் அங்கிருந்தவர்.

"இங்கதாங்க. கீழ."

"கீழேன்னா?"

"உங்க கீழ்த்தளத்துல. டயாலிசிஸ்ல."

அவர்களிடம் இருக்கும் பட்டியலில் பெயரும் நம்பரும்தான். யார் எந்தத் தளத்தில் படுத்திருக்கிறார்கள் என்பது அதில் இல்லை. கிட்னி அடுத்த ஆளுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

கீழ்த்தளத்தில் மஞ்சள் கம்பெனிக்காரன் மட்டும்தான் சிக்னலுக்கு ஒரு பெட்டி மாட்டியிருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. பீரோ வரைக்கும் அளந்த நாங்கள், வாரம் பன்னிரண்டு மணி நேரம் அவள் படுத்துக்கிடக்கும் இடத்தை அளக்கவில்லை.

மறுநாள் இறங்கிப் போனேன். டெய்லர் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடாத தையல் மிஷினின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அக்காதான் கேட்டாள்.

"ஏண்டி, மூணு வாரமா எனக்கு ஒரு போன் பண்ணலை?"

"நீதான் பண்ணலையேன்னு... கோவம்."

"கோவத்துல சண்டை போடவாவது, நான் அங்க இருக்கும்போது ஒரு தடவை அடிச்சிருக்கலாம்ல? எல்லைக்கு வெளியேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கும். நீயும் ஊரெல்லாம் சொல்லியிருப்ப."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் மாடிக்கு வந்து சாப்பிட்டிருப்பேன்.

உடனே மறுபடி கம்பெனி மாற விடமாட்டார்களாம்; மஞ்சளில் புது நம்பரே வாங்கினார்கள். படிவத்தில் இரண்டாவது நம்பராக என்னுடையதைத் தன் கையாலேயே எழுதினார் டெய்லர். "லைனை ஃப்ரீயா வச்சுக்கம்மா" என்றார். வைத்துக்கொண்டேன். என் தங்கச்சியே ஆளை அனுப்பி, நான் உயிரோடு இருக்கிறேனா என்று விசாரித்தாள்.

அதிலிருந்து ஐந்தாவது மாதம், கீழ்த்தளத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் இதயம் நின்றது. டெய்லர் அந்தப் போனை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். வீட்டுக்காரர் வெள்ளையடிக்க ஆள் அனுப்பியும், சுவரிலிருந்த சாக்கட்டி எழுத்தைத் தொடவிடவில்லை. கூடத்தில் நாலு, சமையலறையில் நாலு, குளியலறையில் மூணு.

போன வாரம் காலையில், நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"ஆஸ்பத்திரி நாலாம் மாடியிலிருந்து பேசறோம். மெயின் நம்பர் சுவிட்ச் ஆஃப்ல இருக்கு. உங்க பேஷன்ட்டுக்கு கிட்னி வந்திருக்கு. அரை மணி நேரத்துல கூட்டிட்டு வந்துடறீங்களா?"

குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவாக இருந்தது. கீழே டெய்லரின் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவர் காதில் விழக் கூடாதே என்று, வாழ்க்கையில் முதல்முறையாக, நான் மெதுவாகப் பேசினேன்.